ஒரு சோறு பதமாகாத மூட்டை

நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். மல்லாட்டையை உடைக்கிற மிஷினில் கொட்டுவதற்கு முன்னால் காய்க் குவியல் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். குப்பம், வி.கோட்டை, பலமநேர், இந்தப் பக்கம் வந்தால் பேரணாம்பட்டு, குடியாத்தம் என்று ஆந்திர எல்லையின் இரண்டு பக்கமும் இதைப் பார்த்திருக்கிறேன். நன்றாகக் காய்ந்த காயை அப்படியே போட்டால் பருப்பு இரண்டாகப் பிளந்து விழும், பிளந்த பருப்புக்கு மண்டியில் மரியாதை கிடையாது. ஓடு கொஞ்சம் நமத்துவிட்டால் முழுப் பருப்பாக வரும். எடையும் கூடும், அதைச் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் தெளித்துச் சாக்குப் போட்டு மூடிவைத்து, விடிந்ததும் மிஷினை ஓட்டுவார்கள்.

அந்த ஈரத்தில்தான் என் பிழைப்பு நடந்தது. நச்சியல் ஆராய்ச்சியாளர் என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும், வேலையில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் நான் பின்தொடர்ந்தது ஒரே ஒரு பூஞ்சையை. அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். மண்ணிலேயே இருக்கும், செடி பூமிக்குள் காய் விடும்போதே ஒட்டிக்கொள்ளும். அறுவடைக்கு முன் கடைசி வாரங்களில் மழை பொய்த்துச் செடி வாடினால் வயலிலேயே உள்ளே புகுந்துவிடும். அறுத்த பிறகு சரியாகக் காயாவிட்டால் கிடங்கில் செழிக்கும். அது விடும் விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். அதில் பி1 என்ற வகைதான் மோசம். இயற்கையில் கிடைக்கும் புற்றுநோய்க் காரணிகளில் இதைப் போல் கல்லீரலைத் தேடிப் போய் அடிப்பது அதிகம் கிடையாது.

எங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சித்தப்பாவின் எண்ணெய் மில்லில் இரண்டும் கலந்து ஓடும், பெங்களூரு வியாபாரி வந்தால் கன்னடமும் சேரும். படித்துவிட்டு எண்பதுகளில் ஹைதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். "பூஞ்சக்காளானைப் பார்க்கறதுக்கா அவ்ளோ படிப்பு?" என்று சித்தப்பா கேட்டார். மில்லில் அவர் தினமும் பார்க்கிற விஷயம்தானே! பூஞ்சை பிடித்த பருப்பைத் தனியாக ஒதுக்கி வைக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒதுக்கியது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த விஷம் உலகத்துக்குத் தெரிந்ததே மல்லாட்டையால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று செத்தன. என்ன நோய் என்று தெரியாததால் 'டர்க்கி எக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. கடைசியில் தீவனத்தைத் துருவியபோது பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கு மாட்டியது. அடுத்த வருடமே அதே புண்ணாக்கைத் தின்ற எலிகளுக்குக் கல்லீரலில் கட்டி வந்தது. விஷம் என்றால் அன்றைக்கே கொல்வது என்றுதான் அதுவரை நினைப்பு. குறைந்த அளவில் பல மாதம் உடம்புக்குள் போய்க் கட்டியாக வெளிவரும் விஷம் உணவிலேயே இருக்கிறது என்று தெரிந்தபோது நச்சியலின் போக்கே மாறிவிட்டது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் வோகன் இருந்த குழு 1963-இல் அதன் வேதி அமைப்பைக் கண்டுபிடித்தது. வோகன் அதற்குப் பிறகும் இந்த மூலக்கூறை விடவில்லை. ஒரே மூலக்கூறை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் ஆராய்ச்சி செய்ய முடியும் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

நான் சேர்ந்த காலத்தில் அளக்கும் முறை பார்க்க அழகாக இருக்கும். சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டில் சாற்றைப் பொட்டு வைத்து, கரைப்பான் ஊற்றிய தொட்டியில் நிறுத்துவோம். கரைப்பான் மேலே ஏற ஏறப் பொருட்கள் பிரியும். பிறகு இருட்டறைக்குப் போய்ப் புற ஊதா விளக்கைப் போட்டால் பி வகைகள் நீலமாகவும் ஜி வகைகள் பச்சையாகவும் ஒளிரும். பக்கத்தில் தெரிந்த அளவு விஷம் வைத்த பொட்டு இருக்கும், அதனோடு கண்ணாலேயே ஒப்பிட்டு அளவு சொல்ல வேண்டும். சாற்றை எடுக்கக் குளோரோஃபார்ம். ஒப்பிடும் விஷத்தைக் கரைத்து வைத்திருந்தது பென்சீன் கலந்த திரவத்தில். பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும். ஒரு புற்றுநோய் ரசாயனத்தை அளக்க இன்னொன்றில் கரைத்து, அதை ஜன்னல் திறக்காத அறையில் முகர்ந்துகொண்டிருந்தோம்! உலர்ந்த அஃப்ளடாக்சின் பொடியைத் தொடவே கூடாது. நிலைமின்சாரத்தில் பறந்து கையுறை, மேசை என்று எங்கும் ஒட்டும். குப்பிக்குள்ளேயே கரைத்துத்தான் எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கண்ணாடிச் சாமான்களை ப்ளீச்சிங் திரவத்தில் ஊறப்போடுவோம், அது விஷத்தைச் சுலபமாக முறிக்கும். சமையலறைச் சூடு அதை ஒன்றும் செய்யாது. வறுத்தால் ஓரளவு குறையும், முழுதாகப் போகாது.

அப்புறம் ஏம்ஸ் சோதனை. புரூஸ் ஏம்ஸ் 1973-இல் வெளியிட்ட முறை. ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மரபணு பழுதான சால்மொனெல்லா பாக்டீரியாவை, அந்தச் சத்து இல்லாத தட்டில் விடுவார்கள். அதனால் வளர முடியாது. சோதிக்கும் ரசாயனம் மரபணுவை மாற்றும் தன்மை உள்ளதாக இருந்தால் சில பாக்டீரியாக்களில் பழுது தற்செயலாகச் சரியாகி, அவை மட்டும் புள்ளி புள்ளியாகப் பெருகும். புள்ளிகளை எண்ணினால் போதும். எலியை வைத்து இரண்டு வருடம் காத்திருந்து பார்க்க வேண்டியதை இரண்டு நாளில் ஓரளவு ஊகிக்கலாம்.

இதில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் வேறு. அஃப்ளடாக்சினை மட்டும் தட்டில் விட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. எலியின் கல்லீரலை அரைத்து எடுத்த சாறு கொஞ்சம் சேர்த்தால் தட்டு முழுக்கப் புள்ளி. கல்லீரல் விஷத்தை வெளியேற்றத்தான் வேலை செய்கிறது. அந்த வேலையின் நடுவழியில் பி1 எபாக்சைடு என்ற, சட்டென்று ஒட்டும் உருவமாக மாறி, நேராகப் போய் டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஜி எனப்படும் குவானினில் ஒட்டிக்கொள்கிறது. காப்பாற்ற வரும் உறுப்பே விஷத்தைத் தீட்டிக் கொடுக்கிறது. (அந்தக் கல்லீரல் சாற்றுக்கு வீரியம் ஏற்ற எலிக்கு முதலில் அரோக்ளோர் என்ற, குளோரின் சேர்ந்த பி.சி.பி. ரசாயனக் கலவையை ஊசியில் போடுவார்கள். பி.சி.பி.க்களும் பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பட்டியலின் முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டன. எங்கள் துறையில் யாரும் சுத்தம் கிடையாது.)

இது புரிந்த பிறகு, எனக்கு முன் தலைமுறை செய்த ஒரு பழைய ஆய்வின் அருமை தெரிந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்திய காலம். அவரும் டி.வி. மாதவனும் 1968-இல் ஒன்றை வெளியிட்டார்கள். புரதம் குறைந்த உணவு தின்ற எலிகள் அஃப்ளடாக்சினின் உடனடி விஷத்தில் அதிகம் செத்தன. ஆனால் பிழைத்தவற்றுக்குப் புற்றுநோய் வரவில்லை. நல்ல புரதம் தின்ற எலிகள் அப்போதைக்குத் தப்பித்தன, கட்டி வந்தது அவற்றுக்குத்தான். விஷத்தைத் தீட்டும் நொதிகளுக்கும் புரதம் வேண்டுமே! இதைக் கேட்டுவிட்டு யாரும் பருப்பைக் குறைத்துவிட வேண்டாம். ஒரே விஷம் யார் உடம்பில், என்ன சாப்பாட்டோடு, எந்த விலங்கில் போகிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு முகம் காட்டும் என்பதுதான் விஷயம். வளர்ந்த சுண்டெலி இதைக் கிட்டத்தட்ட செரித்துவிடும். டிரௌட் மீனுக்குத் துளி போதும்.

மனிதர்களைப் பற்றி? இந்தியாவில் அதை ஆய்வுக்கூடம் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. 1974-இன் கடைசி மாதங்களில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமஹால் பக்கத்துக் கிராமங்களில் பருவம் தப்பிப் பெய்த மழையில் மக்காச்சோளக் கதிர் நனைந்தது. அதுதான் அங்கே தினச்சாப்பாடு. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர். 106 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் மிச்சத்தைத் தின்ற நாய்களும் செத்தன, விசாரித்தவர்களுக்குக் கிடைத்த பெரிய தடயமே அந்த நாய்கள்தான். மைசூரில் நடந்த இன்னொன்றை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறாது. புரதக் குறைவால் வாடிய குழந்தைகளைத் தேற்றுவதற்காகக் கொடுத்த கடலை மாவிலேயே இந்த விஷம் இருந்து, அவர்களுக்குக் கல்லீரல் சுருங்கிப்போனது 1971-இல் மருத்துவ இதழில் வந்தது.

இவை உடனடி விஷத்தின் கதைகள். புற்றுநோய்க்கான சாட்சி 1991-இல் வந்தது. சீனாவின் சீடோங் பகுதியிலும் தென் ஆப்பிரிக்காவிலும் கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளை எடுத்துப் பார்த்த இரண்டு குழுக்கள், புற்றைக் கட்டுப்படுத்தும் பி53 மரபணுவில் 249-ஆவது இடத்தில் ஒரே எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி என்ற வேறு எழுத்து. அஃப்ளடாக்சின் குவானினில் ஒட்டினால் எதிர்பார்க்கிற மாற்றம் இது. ஒரு ரசாயனம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி இவ்வளவு தெளிவாக மனிதப் புற்றுநோயில் அகப்படுவது அபூர்வம். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இருப்பவர்களுக்கு இந்த விஷத்தின் வீரியம் மற்றவர்களைவிட சுமார் 30 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு கணக்கிட்டது. அதனால்தான் 'அஃப்ளடாக்சினிலிருந்து தப்பிக்க என்ன செய்ய?' என்று கேட்பவர்களிடம் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று முதலில் கேட்பேன். கேட்டவர்கள் விழிப்பார்கள். சீடோங்கில் பிற்பாடு கல்லீரல் புற்றுநோய்ச் சாவு பாதியளவுக்குக் குறைந்தது. பெரிய காரணம் மருந்து எதுவும் இல்லை. கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் ஜனங்கள் மக்காச்சோளத்தை விட்டுவிட்டு அரிசிக்கு மாறினார்கள்.

எங்கள் பக்கத்தில் 'புற்றுநோய் ரசாயனம்' என்றால் எல்லோரும் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்பைத்தான் கை காட்டுவார்கள். நியாயம்தான், பாலாற்றைப் பார்த்தவர்கள் வேறு எதைச் சொல்வார்கள்? ஆனாலும் ஒரு விவரம் சொல்ல வேண்டும். தோல் பதனிட உபயோகிப்பது மூன்று இணைதிறன் குரோமியம். புற்றுநோய் தருவது என்று உறுதியானது ஆறு இணைதிறன் கொண்டது. ராணிப்பேட்டையில் மலையாகக் குவிந்து கிடக்கும் குரோமேட் கழிவில் இருப்பதும் இந்த ஆறுதான். உலோகம் ஒன்றே, குணம் வேறு. நாற்றம் அடிப்பதைப் பார்த்துப் பயப்படுகிறோம். மல்லாட்டை விஷத்துக்கு நாற்றமும் இல்லை, ருசியும் இல்லை.

சரி, மூட்டைக்கு வருவோம். அளப்பது இன்றைக்குப் பெரிய வித்தையில்லை. ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் குறைந்த செலவில் அளக்கும் முறைகளையே உருவாக்கித் தந்திருக்கிறது. கஷ்டம் எதை அளப்பது என்பதில். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரு மூட்டையில் ஆயிரக்கணக்கான பருப்பு சுத்தமாக இருக்கும், ஒன்றே ஒன்று விஷமாக இருக்கும். அந்த ஒன்றில் பத்து லட்சம் பிபிபி வரைகூட அளந்திருக்கிறார்கள். பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. மேலும் பதப்படுத்தப் போகும் கடலைக்கு நம் நாட்டில் சட்டம் அனுமதிப்பது 15. அரை கிராம் எடையுள்ள அப்படிப்பட்ட ஒரு பருப்பு போதும், சுத்தமான 33 கிலோவை அந்த எல்லைக்கு இழுத்துவிட. இப்போது நீங்கள் மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுக்கிறீர்கள். அந்த ஒன்று பிடியில் வந்தால் லாரியையே திருப்பி அனுப்புவார்கள், வராவிட்டால் அதே லாரி நல்ல லாரி. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் ஒரு தொகுதிக்கு 20 கிலோ வரை பல இடங்களிலிருந்து எடுத்து, மொத்தமாக அரைத்து, அதிலிருந்து அளக்கச் சொல்வது இதனால்தான். அங்கே நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு அனுமதி 4 பிபிபி.

இந்தப் பிரச்சினைக்கு நான் பார்த்ததிலேயே சிறந்த கருவி, மில்லில் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பருப்புப் பொறுக்கும் பெண்கள். சுருங்கியது, நிறம் மாறியது, தோலில் பச்சைப் பூச்சு படிந்தது, முளை பக்கம் கறுத்தது. பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், விரல் மட்டும் தப்பாது. விஷம் பெரும்பாலும் இந்தச் சொத்தையிலேயே குவிந்திருப்பதால், ஒழுங்காகப் பொறுக்கினாலே மூட்டையின் அளவு பெருமளவு இறங்கிவிடும். இயந்திரக் கண் வைத்துப் பிரிக்கும் மிஷின்களும் வந்துவிட்டன. கூலி என்னமோ எப்போதும் கடைசித் தட்டில்தான்.

பொறுக்கியெடுத்த சொத்தை என்ன ஆகிறது? யாரும் எரிப்பதில்லை. விலை குறைத்து எண்ணெய்க்குப் போகிறது. ஆலை எண்ணெயைக் காரம் போட்டுச் சுத்திகரிக்கும்போது அதில் இருக்கும் கொஞ்சநஞ்ச விஷமும் போய்விடும். இப்போது எல்லோரும் தேடும் மரச்செக்கு எண்ணெய்க்கு அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. நானும் செக்கு எண்ணெய்தான் வாங்குகிறேன், ஆனால் ஆட்டும் முன் கடலையைக் காட்டச் சொல்வேன், கடைக்காரருக்கு என் முகத்தைக் கண்டாலே ஆகாது. எண்ணெயைக் கண்ணாடியில் ஊற்றி நல்ல வெயிலில் வைத்தால் விஷம் சிதைகிறது என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் எழுபதுகளிலேயே காட்டியிருக்கிறார்கள்.

எண்ணெயில் தங்குவது சொற்பம். பெரும்பகுதி போய்ச் சேருவது புண்ணாக்கில். புண்ணாக்கு மாட்டுக்கு.

ஒரு கணக்குப் போடலாம். 200 பிபிபி உள்ள புண்ணாக்கை ஒரு பசு நாளைக்கு 2 கிலோ தின்றால் 400 மைக்ரோகிராம் பி1 உள்ளே போகிறது. அதில் சுமார் 2 சதவீதம் எம்1 என்ற உருவில் பாலுக்கு வரும். 8 மைக்ரோகிராம். பசு 8 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 1. அனுமதி 0.5. காய்ச்சினால் போகாது. 2018-இல் நாடு முழுக்க எடுத்த பால் ஆய்வில் 6,432 மாதிரிகளைச் சோதித்தார்கள். எல்லோரும் யூரியா, சோப்புத்தூள் கலப்படம் அகப்படும் என்று காத்திருந்தார்கள், அது மிகக் குறைவாகவே இருந்தது. 368 மாதிரிகளில் எல்லைக்கு மேல் இருந்தது எம்1. தமிழ்நாட்டில் 551-க்கு 88. வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. இங்கிலாந்தில் வான்கோழியைக் கொன்ற அதே புண்ணாக்குப் பாதைதான், ஐம்பத்தெட்டு வருடம் கழித்து நம் டீக்கடை வரை வந்திருக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கெட்ட புண்ணாக்கை நிறுத்தினால் நாலு நாளில் பால் சுத்தமாகிவிடும். இதைத்தான் போன தடவை தம்பியிடம் சொன்னேன். சித்தப்பாவுக்குப் பிறகு மில்லை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

"நிறுத்திட்டா பால் கொறையுமேக்கா. அந்தக் காசை உங்க ஆபீஸ் குடுக்குமா?"

"புண்ணாக்கையே நிறுத்தச் சொல்லலப்பா, காயாத கடலையை வாங்காதேன்னு சொல்றேன்."

"காய வெச்சா எடை போவுதே. எடைக்குத்தானே காசு?"

அவன் சொல்வதில் கணக்குப் பிசகு இல்லை. 12 சதவீத ஈரத்தோடு இருக்கும் ஒரு குவிண்டால் காயை 8-க்குக் காய வைத்தால் நாலு கிலோவுக்கு மேல் குறையும். களத்தில் செடியைக் காய் மேலாகக் கவிழ்த்துப் பரப்பி, மழைக்குப் பயந்து, நாலைந்து நாள் காத்திருந்த விவசாயி அந்த நாலு கிலோ விலையையும் இழக்கிறார். பக்கத்து வயல்காரர் ஈரத்தோடு கொண்டுவந்து முழுக்காசு வாங்கிப் போகிறார். ஜிப்சம் போடுங்கள், கெட்ட பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா போடுங்கள் என்று எங்களைப் போன்றவர்கள் கூட்டம் போட்டுச் சொல்வதெல்லாம் சரிதான், காய வைத்ததற்குக் காசு கிடைக்காத வரைக்கும் அது காதில் ஏறாது.

இதே ஊர்களில் காலையில் பால் சொசைட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொருவர் பாலிலும் கொழுப்பும் மற்ற திடச்சத்தும் அளந்து, சீட்டில் அடித்து, அதற்கேற்ற விலை போடுகிறார்கள். தண்ணீர் ஊற்றினால் காசு குறையும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே விவசாயி அதே பையோடு மல்லாட்டையைக் கொண்டுபோனால், நான் பார்த்த மண்டிகளில் கண்ணால் பார்ப்பார்கள், ஒன்றை உடைத்து வாயில் போடுவார்கள், தராசில் ஏற்றுவார்கள். தண்ணீருக்குக் கடலை விலை கிடைக்கிற இடம் அது. ஈரமானி என்பது கையில் அடங்கும் கருவி. என் துறைக்காரர்கள் மூலக்கூறின் அமைப்பு, நொதி, மரபணு எழுத்து வரை எல்லாவற்றையும் சுமார் முப்பது வருடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். தராசுக்குப் பக்கத்தில் அந்தக் கருவியை வைக்க வைப்பது இன்னும் முடியவில்லை.

வரும் கார்த்திகை அறுவடையில் மில்லில் ஈரமானி வைத்து, 8 சதவீதத்துக்குக் கீழே வரும் மூட்டைக்கு விலை கூட்டித் தருவதாகத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான். நாலு கிலோ நஷ்டத்தை முழுதாக ஈடு கட்ட வேண்டும் என்கிறேன் நான். பாதி தந்தால் போதும் என்கிறான் அவன். இன்னும் பேரம் படியவில்லை.